அசையாத முகம்

கால் போனதைப் பற்றி இசக்கிராஜ் இரண்டு நாள் ஒன்றுமே கேட்கவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சி கொடுத்தால் குடித்தார். நர்ஸ் வந்தால் ஊசிக்குக் கையை நீட்டினார். மகள் யாழிசைக்கு இந்த மௌனம் புதிதில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கம்பத்து உச்சியில் தனியாக நின்று வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, தரைக்கு இறங்கிய பிறகும் அவருக்குப் பேச்சு குறைவு.

மூன்றாம் நாள் காலையில் அவள் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“யாருட்டி சொன்னது?”

“என்னதுப்பா?”

“எடுத்துரலாம்னு.”

“டாக்டரம்மாதாம்ப்பா. சீழ் மேல ஏறுது, சக்கர கொறையவே மாட்டேங்கு, இனியும் வச்சிருந்தா உசுருக்கே…”

“அவங்க சொல்லத்தான் செய்வாங்க. நம்ம பக்கத்துல யாரு சரின்னது?”

கத்தி கொய்யாவுக்குள் நின்றது. மறைப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. 

“அண்ணன்தாம்ப்பா மொதல்ல சரின்னான். பொறவுதான் நானும்.”

“மாறனா?” என்றார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “பெரியவன்லா. அவன்தான் சொல்லணும்.” அவர் முகத்தில் எதுவோ இளகியது போலிருந்தது. ஒரு துண்டு கொய்யாவை அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

யாழிசை பொய் சொல்லவில்லை. முடிவெடுத்த அன்று மதியம் நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி அறை. கட்டிலில் அப்பா காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தார். எதிர்ச் சுவரில் ஆளுயரத் திரை. திரையில் அண்ணன் மாறன், நிலவின் தென்முனையில் பனிக்கட்டி தோண்டும் தளத்திலிருந்து. டாக்டர் நஸ்ரின் இரண்டு வழிகளையும் சொன்னார். காலை எடுத்துவிட்டால் உயிருக்கு ஏறக்குறைய உத்தரவாதம் உண்டு. இன்னும் சில நாள் மருந்தோடு பொறுத்துப் பார்க்கலாம், கால் பிழைக்கலாம், ஆளே போகவும் செய்யலாம். இதைச் சொல்லிவிட்டு, “அப்ப, புரொசீட் பண்ணிரலாமா?” என்று பொதுவாகக் கேட்டார்.

அவர்கள் குடும்பத்தில் இப்படிப்பட்டவற்றை வாயால் சொல்வதில்லை. செத்துப் போனதைச் செத்துப் போனது என்று சொல்ல மாட்டார்கள். வீட்டில் அரிசி இல்லையென்றால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பெற்றவரின் காலை வெட்டுங்கள் என்பதை எந்த வாய் சொல்லும்? தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதிலும் பெரியவன் முதலில் ஆட்டட்டும் என்று அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாறன் எச்சில் விழுங்கினான். பிறகு மெல்ல, ஒரே ஒரு தரம், தலையை மேலும் கீழுமாக அசைத்தான். அதைப் பார்த்துத்தான் அவள் அசைத்தாள். டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு வெளியே போனார்.

கொய்யா நறுக்கிய அன்றே சாயங்காலம், வார்டில் இருந்த சிறிய திரையில் மாறன் வந்தான். அறுவைக்குப் பிறகு அப்பாவோடு பேசுவது அதுதான் முதல் தடவை. அவன் நிலவுக்குப் போன புதிதில் பேசுவதே பெரும் பாடாக இருந்தது. ஒன்றைக் கேட்டால் பதில் வர நேரமாகும். வரவில்லையே என்று இன்னொன்றைக் கேட்பார்கள். அப்போதுதான் முதல் பதில் வந்து மோதும். எத்தனையோ வீடுகளில் இதனாலேயே மனத்தாங்கல் வந்தது. இப்போது நிரப்பி என்று ஒன்று வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து அறையில் இருப்பவனோடு பேசுகிற மாதிரி பேசலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“ஏல மாறா,” என்றார் இசக்கிராஜ். “நீதான் சரின்னியாம்ல. நல்லதுல. அங்கன இருந்துகிட்டு தைரியமா முடிவெடுத்தே.”

மாறன் தலையசைத்தான். உடனே நெற்றியைச் சுருக்கினான்.

“நானாப்பா? யாழிதானே மொதல்ல சரின்னா. அவதான் பக்கத்துல நிக்கா, அவளுக்குத்தானே நெலம தெரியும். அவ தலையாட்டுனதப் பாத்துட்டுத்தான் நான் ஆட்டுனேன்.”

யாழிசை நாற்காலியிலிருந்து எழுந்தாள். “அண்ணே, என்ன சொல்லுதே? ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன் நான்!”

“நானும் ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“நிலாவுல போயி உக்காந்துகிட்டுப் பழியத் தூக்கி என் தலையில போடாத.”

“பழி என்னட்டி பழி? நடந்தது அதுதான். அப்பாகிட்ட நல்ல பேரு வாங்கணும்னா வேற வழி பாரு.”

“நல்ல பேரா? இங்கன பீ மூத்திரம் அள்ளுதது நானு. நல்ல பேரு யாருக்கு வேணும்?”

சொன்ன பிறகுதான், அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோபம் இல்லை.

“அத அணைச்சிரு,” என்றார்.

திரை இருண்டது. வெகுநேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். “காலு போனதுகூட ஒண்ணுமில்லட்டி. எடுக்கலேன்னா நானே போயிருப்பேன், அது எனக்குத் தெரியாதா? ஆனா ரெண்டுல ஒண்ணு என் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லுது. அது எதுன்னு தெரியாம நான் ரெண்டு பேருகிட்டயும் எப்பிடிப் பேசுவேன், சொல்லு.”

 மறுநாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தை அவள் நீட்டியபோது, “அங்கன வையி” என்றார். நர்ஸ் வந்த பிறகு அந்தப் பெண்ணிடம் வாங்கிக் குடித்தார்.

மருத்துவமனையின் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன் ஜெபசிங். மாறனோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவன். யாழிசை மேல்மாடிக்குப் போனபோது அவன் புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“வா யாழி. நிலாக்காரன் எப்பிடி இருக்கான்? காலேஜ்ல அடுத்த தெருவுக்கு நடக்கச் சொன்னா கால் வலிக்கும்பான், சவம். இப்ப பாரு, எங்க போயி நடக்கான்னு.”

அவள் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் சோற்றை மூடி வைத்துவிட்டான்.

“ரெண்டு பேரும் பொய் சொல்லல,” என்றான் கடைசியில்.

“ரெண்டு பேரும் எப்பிடிண்ணே மொதல்ல தலையாட்ட முடியும்?”

“ரெண்டு பேருமே மொதல்ல ஆட்டல.” கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். “நிரப்பி என்ன செய்யுதுன்னு தெரியுமா ஒனக்கு? இங்கருந்து கெளம்புன படம் ரெண்டு செயற்கைக்கோள் ஏறி எறங்கி அங்க போய்ச் சேரணும். திரும்ப வரணும். அந்த இடைவெளியில நீ பாக்குறது மாறன் இல்ல. மாறன் இப்ப என்ன செஞ்சுகிட்டு இருப்பான்னு அது வரைஞ்சு காட்டுற முகம். நூறு தடவ அவன் பேசுனதப் பாத்து அது படிச்சு வச்சிருக்கு. யோசிப்பான், எச்சில் முழுங்குவான், தலையாட்டுவான். அதுக்குள்ள நெசம் வந்து சேந்துரும். பொய்யையும் நெசத்தையும் நைசா ஒட்டிரும். ஒனக்குக் காத்திருந்த மாதிரியே தெரியாது.”

“பேச்சு?”

“குரலத் தொடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. முகத்துக்கு இல்ல. முகத்துல என்ன வந்துரப் போகுதுன்னு விட்டுட்டாங்க.”

“சரி. நெசம் வந்த பொறவாவது அது மாறிருக்கணும்லா? அவன் ஆட்டலேன்னா ஆட்டாத முகந்தானே வரணும்?”

ஜெபசிங் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

“அங்கதான் வெனை. அன்னைக்கு லைன் மோசம். லைன் மோசமா இருந்தா படம் அப்பிடியே ஒறஞ்சு நிக்கும், பாத்திருப்பே. அப்பிடி ஒறஞ்ச படம் வந்தா அத ஒதுக்கிட்டு, தான் வரைஞ்சதையே தொடர்ந்து காட்டச் சொல்லித்தான் நிரப்பியப் பழக்கியிருக்கு. இப்ப ஒருத்தன் ஒண்ணும் சொல்ல முடியாம, அசையாம, அப்பிடியே பாத்துக்கிட்டு நின்னா? அதுக்கு வித்தியாசம் தெரியாது. அசையாத முகம்னா அதுக்கு லைன் கோளாறு. அவன் எப்பவும் டாக்டர் கேட்டா தலையாட்டுறவன், அதனால ஆட்ட வச்சுட்டுது. நீயும் அப்பிடித்தான். அங்க அவன் திரையில ஒன்ன ஆட்ட வச்சிருக்கு. அதப் பாத்து நெசமா அவன் ஆட்டிருக்கான். இங்க ஒன் திரையில அது வரைஞ்ச மாறனப் பாத்து நெசமா நீ ஆட்டிருக்கே.”

“அப்ப மொதல்ல ஆட்டுனது யாரு?”

“யாரும் இல்ல யாழி.”

அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் இல்லை என்பது ஆறுதலா, அதைவிட மோசமானதா என்று தெரியவில்லை. எத்தனை நாள், எத்தனை பேச்சில், அண்ணன் தயங்கிய இடங்களை அவள் பார்க்காமலே போயிருக்கிறாள்? அவன் வாடிய முகத்தோடு சும்மா இருந்த நேரங்களில் எல்லாம் இவளுக்குச் சிரித்த முகமாக வந்து சேர்ந்திருக்கிறதா? கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவன் சிரித்தானே, அது?

“நெசமான படம் இருக்காண்ணே?”

“மருத்துவ ஆலோசனைன்னா ரெண்டு பக்கத்துக் கேமராவும் எடுத்ததக் கொஞ்ச நாள் வச்சிருக்கணும். இருக்கும்.”

அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டான். இடது பாதியில் மாறன். வலது பாதியில் கண்ணாடி அறை. இந்தப் பக்கத்துக் கேமரா திரைக்கு மேலே இருந்ததால், யாழிசையும் டாக்டரும் நேராகப் பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கட்டில்.

“புரொசீட் பண்ணிரலாமா?” என்று டாக்டரின் குரல் கேட்டது.

அதன் பிறகு இருவரும் ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாறனின் உதடு லேசாகத் திறந்தது, மூடியது. இவ்வளவு நேரமா நின்றோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சிறு வயதில் ஏதாவது உடைந்துவிட்டால் அப்பா வருவதற்குள் இப்படித்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. இதை அப்பாவிடம் காட்டினால் போதும் என்று நினைத்தாள். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் வெட்டச் சொல்லவில்லை, பாருங்கள்.

அப்போதுதான் கட்டிலில் ஏதோ அசைந்தது.

அப்பாவின் வலது கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. உள்ளங்கை விரிந்து மேலே எழுந்தது. இடமும் வலமுமாக அசைந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி அசைந்தது. பிறகு கை பொத்தென்று விழுந்தது. அறையில் இருந்த இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சற்றுப் பிறகு முன்னால் நின்ற யாழிசை தலையை மேலும் கீழுமாக ஆட்டினாள்.

ஜெபசிங் படத்தை நிறுத்தினான். 

“அண்ணன் இதப் பாத்திருப்பானா?” அவள் விரலால் கட்டிலைத் தொட்டுக் காட்டினாள்.

“மாட்டான். கட்டிலு, செவுரு மாதிரி அசையாத சாமானத் திரும்பத் திரும்ப அது அனுப்பாது. மொதல்ல எடுத்ததையே வச்சு ஓட்டிரும். அவனுக்கு அப்பா அசையவே இல்ல.” சற்றுப் பொறுத்து, “காய்ச்சல் வேகத்துல கை தூக்கியிருக்கலாம் யாழி. நெனவோடதான்னு சொல்ல முடியாது,” என்றான்.

“எனக்குப் பின்னால ரெண்டடியில இருந்தாரு.”

அவன் நின்றுபோன படத்தை மூடினான். பிறகு தயக்கத்தோடு, “வேணும்னா ஒங்க ரெண்டு பேரு மூஞ்சி மட்டும் தெரியுற மாதிரி வெட்டித் தாரேன். கட்டில் வராது. அப்பாவுக்கு வேண்டியது அதுதானே? நீங்க பொய் சொல்லலேங்கறது தெரிஞ்சாப் போதும்லா?” என்றான்.

போதும்தான். அதைத்தான் அவரும் கேட்டார். ஆனால் முழுதாகக் காட்டினால், உங்கள் பிள்ளைகள் பொய்யர்கள் இல்லை என்று சொல்கிற அதே படம், நீங்கள் வேண்டாம் என்றபோது ஒருவரும் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் சொல்லும். அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீ முடிந்து, தம்ளர்களை வைத்துவிட்டு, அவர்கள் போகும்வரை நின்றாள்.

“அண்ணன்கிட்டப் பேசணும். நிரப்பி இல்லாம.”

“ஒவ்வொரு பேச்சுக்கும் காத்துக் கெடக்கணும். பொறுமை வேணும்.”

“இருக்கட்டும்.”

மாறன் வந்தான். நிரப்பி தொடாத திரையில் வெளிறி, தாடி மண்டி, அவள் எண்ணி வைத்திருந்ததைவிட வயதாகித் தெரிந்தான். இரண்டு படங்களையும் அனுப்பியிருந்தார்கள். அவன் பார்த்து முடித்துவிட்டிருந்தான். அவள், “பாத்தியாண்ணே?” என்றாள். அந்தக் கேள்வி போய்ச் சேரும்வரை அவன் முகம் எதுவும் தெரியாத முகமாகவே இருந்தது. பிறகு, கேள்வி வந்து விழுந்தது கண்ணில் தெரிந்தது. அதற்குப் பிறகும் அவன் பேசவில்லை. இது தூரத்தின் மௌனம் இல்லை, அவனுடையது.

“கைய ஆட்டுதாரு,” என்றான்.

“ஆமா.”

மறுபடி காத்திருப்பு.

“வெட்டிக் காட்டலாம்னு ஜெபா சொல்லுதான். வெட்டலாம்ட்டி. எதுக்கு அவர நோகடிக்கணும்?”

அவள் தரையைப் பார்த்தபடி யோசித்தாள். “ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுன்னு அப்பா சொன்னாரு. இப்ப வெட்டிக் காட்டுனா ரெண்டும் சேந்து சொல்லுத மாதிரி ஆயிரும்ணே.”

அந்த வாக்கியம் போய்ச் சேருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மாறன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மூடியபடியே தலையை ஆட்டினான். இந்த முறை அது அவன்தான்.

மறுநாள் காலை, சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவள் வார்டுத் திரையில் ஒரு பாதியில் மாறனையும் மறுபாதியில் படத்தையும் கொண்டுவந்தாள். நிரப்பியை ஜெபசிங்கே வந்து அணைத்துவிட்டுப் போனான். அப்பாவிடம் நிரப்பி செய்ததை எல்லாம் சொன்னாள். இசக்கிராஜ் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஆளு அசையாம நின்னா லைன் போச்சுன்னு நெனச்சுக்குமா?”

“ஆமாப்பா.”

“கிறுக்குச் சவமால்ல இருக்கு,” என்றார்.

படம் ஓடியது. டாக்டரின் கேள்வி. பிறகு பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இசக்கிராஜின் முகம் மெல்ல இறுக்கம் விட்டது. திரைக்கு இன்னும் கிட்டே பார்க்க விரும்பியவர் போலத் தலையணையிலிருந்து எழும்பினார். கட்டிலில் இருந்த கை போர்வையை விட்டு வெளியே வந்தபோது யாழிசை படத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை எழுந்தது, அசைந்தது, விழுந்தது. அவர் இமைக்காமல் பார்த்தார். மகள் தலையாட்டுவதையும் பார்த்தார். படம் முடிந்த பிறகும் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் யாரோ இருமினார்கள். தள்ளுவண்டி ஒன்று சத்தத்தோடு கடந்து போனது. அவள் எதையும் கேட்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

“கொசு,” என்றார் அவர்.

“என்னப்பா?”

“கொசுட்டி. அன்னைக்குப் பூரா மூஞ்சியில வந்து வந்து மொய்ச்சுகிட்டுக் கெடந்துது, சவம். அதத்தான் வெரட்டியிருப்பேன். வேற என்னத்துக்குக் கைய ஆட்டப் போறேன்?” மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டார். “கஞ்சி இருந்தா கொஞ்சம் தா. நேத்து அந்த நர்ஸுப் பிள்ள உப்பே போடல.”

இரட்டைக் கதவு போட்டு, காற்றைக்கூட வடிகட்டி அனுப்புகிற அந்தக் கண்ணாடி அறைக்குள் கொசு வர வழியில்லை. அது அவளுக்குத் தெரியும். நாள்கணக்காக அதற்குள் கிடந்தவருக்கும் தெரியும். அவள் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். 

திரையின் மறுபாதியில் மாறன் அசையாமல் இருந்தான். படத்தில் கை விழுந்ததைப் பார்த்தபோது இருந்த அதே முகம், நொறுங்கிப்போன முகம். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று யாழிசை திரையின் பக்கம் திரும்பினாள்.

“பொறுட்டி,” என்றார் இசக்கிராஜ். அவரும் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “அவனுக்குப் போய்ச் சேரட்டும்.”